குமாஸ்தாவின் முதுகு

ஹாலிஸ்பர்க் கோர்ட்டு மைதானத்தில் புதுச் சிலையின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை லோர்னா கிரேடி இழுத்தபோது, ஆர்லோ விட்கம் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே நிற்கச் சொன்னவளும் லோர்னாதான். "நீ முன்னாடி வந்து நில்லு ஆர்லோ. பேப்பர்க்காரங்க உன் மூஞ்சியத்தான் கேப்பாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியிருந்தாள்.

தார்ப்பாய் சரிந்ததும் முதலில் குதிரை தெரிந்தது. அதன்மேல் லோர்னாவின் மூதாதை கர்னல் கிரேடி. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் தடித்த பதிவேடு. தார்ப்பாய் முழுக்கக் கீழே விழுந்த பிறகுதான் குதிரையின் காலடியில் இருந்த இன்னொரு உருவம் வெளியே வந்தது. ஒரு மனிதன், நாலு காலில், ஆடு மாதிரி நின்றுகொண்டிருந்தான். உடம்பில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை பழைய காலத்து உள்ளாடை மட்டும். அதன் பின்பக்கம் கழிப்பறைக்குப் போகத் திறக்கிற மடிப்பு, பித்தான் அவிழ்ந்து தொங்கியது. தலையை நிமிர்த்தி வாயைப் பிளந்திருந்தான். வெண்கலத்தில் வார்த்த அந்த முகம் ஆர்லோவின் முகம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அடேய் ஆர்லோ! உன்ன அப்படியே உரிச்சு வெச்சிருக்காங்கடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கி வெண்கல மனிதனின் முதுகில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள். அடுத்த குழந்தைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். முதுகு மட்டும் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. உட்காருவதற்கென்றே செய்த முதுகு அது.

வசந்த காலத்தில் விச்சிட்டா நகரத்திலிருந்து வந்த சிற்பி ஆர்லோவைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி நிறையப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தான். "யாரையோ கூப்பிடற மாதிரி வாயத் தொறங்க" என்றான். ஆர்லோ திறந்தார். உதவிக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று வீட்டில் மனைவி நெட்டியிடம்கூடச் சொன்னார்: "இந்தத் தடவ பெரியவரை நிக்க வெப்பாங்க போல. மரியாதையாத்தான் செய்றாங்க."

பெரியவர் என்று அவர் சொன்னது ஐசயா விட்கம்மை. ஆர்லோவின் அப்பாவுக்குத் தாத்தா, அந்தக் கால மாவட்டக் கோர்ட்டின் குமாஸ்தா.

அந்தக் காலத்தில் இந்த மாவட்டத்துக்குத் தலைநகர் ஹாலிஸ்பர்க் இல்லை. தெற்கே இருந்த யூனியன் ஃபோர்க்ஸ். தலைநகர் எதுவோ அதற்குத்தான் கோர்ட்டு, வக்கீல், விடுதி, ரயில் எல்லாம். மற்ற ஊர் காய்ந்து போகும். தேர்தல் வைத்தார்கள். இரண்டு ஊரும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றன. கடைசியில் ஒரு பிப்ரவரி மாதத்து அதிகாலையில் கிரேடி ஆட்களையும் வண்டிகளையும் கூட்டிக்கொண்டு போய், ஃபோர்க்ஸ் கோர்ட்டிலிருந்த பதிவேடுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பதிவேடு இருக்கிற இடம்தானே கோர்ட்டு? ஃபோர்க்ஸ்காரர்கள் தங்கள் வீடுகளையே உருளைமேல் ஏற்றி, மாடு பூட்டி, ஹாலிஸ்பர்க்குக்கு இழுத்து வந்தார்கள். இன்றைக்கு அந்த ஊர் இருந்த இடத்தில் கோதுமைதான் விளைகிறது. நடுவில் ஒரு கல்லறைத் தோட்டம்.

இதெல்லாம் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வண்ணத் தாளிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் கோர்ட்டுக் கட்டடம், பழைய சிறைச்சாலை, கிரேடி விடுதி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி. குமாஸ்தாவுக்கும் ஒரு பத்தி உண்டு. குடித்துவிட்டு உருளைக்கிழங்குப் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த குமாஸ்தா, உள்ளாடையோடு தவழ்ந்து ஓடினார் என்று.

விட்கம் வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள். ஐசயா மதுவைத் தொட்டதில்லை. வண்டிச் சத்தம் கேட்டு, படுத்திருந்த கோலத்திலேயே எழுந்து வந்து, பதிவேட்டு அறையின் வாசலில் குறுக்கே நின்றார். துப்பாக்கிக் கட்டையால் தாடையை உடைத்தார்கள். அவர் வண்டிகளுக்குப் பின்னாலேயே வெறுங்காலோடு உறைபனியில் நடந்தார். கால்கள் கறுத்துவிட்டன. வைத்தியர் அவற்றை எடுத்தார். அந்த வருஷத்துக் கோதுமை கதிர் விடுவதற்குள் ஐசயா போய்விட்டார். ஊரும் போய்விட்டதால் அவர் மனைவி ஹெஸ்டர் பிள்ளைகளோடு ஹாலிஸ்பர்க்குக்கு வந்து, கிரேடி விடுதியில் படுக்கை விரிப்புத் துவைத்தாள். கொள்ளையடித்தவன் வீட்டு அழுக்கை வெளுத்துத்தான் விட்கம் குடும்பம் வளர்ந்தது.

கடைத்தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்தில் யாரோ அந்தப் பதிவேட்டுக் கொள்ளையின் பெயரில் ரெய்டு திருவிழாவை ஆரம்பித்தார்கள். பனியில் நடந்ததை ஜூன் மாத வெயிலில் நடித்துக் காட்டினார்கள். பனிக்கு எந்த வெளியூர்க்காரனும் வரமாட்டான். குமாஸ்தாவாக நடிக்க ஆர்லோவின் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கிரேடி வீட்டுக்காரர்கள் தேடி வந்து கூப்பிட்டார்களே என்று அவர் பூரித்துப் போனார். அவருக்குப் பிறகு ஆர்லோ. 'குமாஸ்தாவின் சொந்த ரத்தமே நடிக்கிறது' என்று விளம்பரத்தில் போட்டார்கள். ஆர்லோ பண்ணை வீடுகளுக்கு காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பீப்பாயிலிருந்து தலையை நீட்டி ஏப்பம் விட்டால் கிடைக்கிற சிரிப்பு அவருக்கும் இனிக்கத்தான் செய்தது.

ஆனால் சிரிப்பு என்பது அன்று மாலையோடு கலைந்துபோகிற சமாச்சாரம். வெண்கலம் அப்படியா?

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஆர்லோ லோர்னாவைக் கோர்ட்டுப் படிக்கட்டில் பிடித்தார். திருவிழாவை இப்போது நடத்துவது அவள்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"லோர்னா, என்ன இது?"

"எது? அழகா வரல?"

"மனுசன் நாலு கால்ல நிக்கிறாரு."

"பின்ன, குழந்தைங்க எங்க உக்காரும்? குதிரை மேல ஏத்தினா விழுந்து கையக் கால ஒடச்சிக்கும். இன்ஷூரன்ஸ்காரன் மாட்டவே மாட்டேன்னுட்டான். குமாஸ்தான்னா தரைக்குக் கிட்ட, பாரு, எவ்வளவு வாட்டமா இருக்கு."

"அவரு குடிக்க மாட்டாரு. தவழவும் இல்ல. அது உனக்கே தெரியும்."

லோர்னா தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் ஆர்லோவுக்கு எப்போதும் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் ஆர்லோ. யாரு இல்லேன்னா? எங்கப்பாவே சொல்லியிருக்காரு. ஆனா தாடைய ஒடச்சாங்க, கால வெட்டினாங்கன்னு சொன்னா எவன் பிள்ளைகுட்டியோட கார் எடுத்துட்டு வருவான்? இந்த ஊர்ல வேற என்ன இருக்கு சொல்லு. ஒரு கோர்ட்டு, ஒரு ஜெயிலு, ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். எந்தக் காலத்துலயோ நடந்தது. எங்காளும் உங்காளும் ஒரே மண்ணுல படுத்திருக்காங்க, அவங்களே சமாதானமாத்தான் இருப்பாங்க."

"ஐசயா இங்க இல்ல. ஃபோர்க்ஸ்ல தனியா படுத்திருக்காரு."

"சரிப்பா. நேரத்துக்கு உடுப்பு மாட்டிக்கிட்டு வந்துரு. புதுப் பீப்பாய். உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கேன், உன் முழங்காலுக்காக" என்று சொல்லி அவர் தோளைத் தட்டிவிட்டு லோர்னா போய்விட்டாள்.

நெட்டியின் ரொட்டிக்கடை கோர்ட்டுக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே கறியும் முட்டைக்கோஸும் வைத்த பன்கள் தட்டுத்தட்டாக ஆறிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வெளியே வரிசை நின்றது. ஆர்லோ சமையலறை வழியாக வந்து மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"பார்த்தியா?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன்" என்றாள் நெட்டி. கை நிற்கவில்லை.

"நான் இன்னிக்குப் பீப்பாய்ல ஏறப்போறதில்ல."

"இந்த ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு ஆர்லோ. ஊரே வந்திருக்கு. நாளைக்கு எவ்வளவு வேணா கோவப்படு, நானும் கூட வரேன்."

ஆர்லோ எழுந்தார். ஆணியில் தொங்கிய உள்ளாடை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நாடகம் கோர்ட்டுப் புல்வெளியில் நடந்தது. மூன்று பக்கமும் பலகை இருக்கைகள். லோர்னா மைக்கில் கதை சொன்னாள். ஆர்லோவின் மகள் டேனாவின் கணவன் டிராவிஸ், கர்னல் கிரேடியாகக் குதிரையில் வந்தான். ரொம்ப வருஷமாக அவன்தான் கிரேடி; நல்ல குரல், தோரணையான மீசை. வண்டிகள் வந்தன. வெற்றுத் தோட்டாக்கள் வெடித்தன. "குமாஸ்தா எங்கே?" என்று கிரேடி கர்ஜித்தான். பீப்பாயின் மூடி திறந்தது.

ஆர்லோ ஏப்பம் விடவில்லை. மெதுவாக வெளியே ஏறி வந்து, தவழாமல் நிமிர்ந்து நின்றார். கூட்டம் காத்திருந்தது.

"என் பேரு ஐசயா விட்கம்" என்றார். "நான் குடிக்கல. என் வாழ்நாள்ல குடிச்சதில்ல. நான் ஒளியவும் இல்ல. கதவுக்குக் குறுக்க நின்னேன். நீங்க துப்பாக்கிக் கட்டையால என் தாடைய ஒடச்சீங்க."

முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாடை உடைந்தவன் எப்படிப் பேசுகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ. அந்தச் சிரிப்பு பக்கத்து ஆளுக்குத் தொற்றியது.

"நான் வெறுங்கால்ல உங்க பின்னாடியே வந்தேன். என் கால எடுத்துட்டாங்க. நான் செத்துப் போனேன்."

"யோவ் குமாஸ்தா!" என்று குதிரைமேலிருந்து டிராவிஸ் குரல் கொடுத்தான். மாமனார் வசனத்தை மறந்து தடுமாறுகிறார், கைகொடுப்போம் என்றுதான் அவன் நினைத்தான். "செத்தவனுக்கே இந்தப் பேச்சா? அந்தாளுக்கு இன்னொரு பாட்டில் குடுங்கப்பா!"

இருக்கைகள் அதிர்ந்தன. ஆர்லோ சத்தத்தை உயர்த்தினார். உயர்த்த உயர்த்தச் சிரிப்பும் உயர்ந்தது. "என் பொண்டாட்டி உங்க விடுதில துணி தொவச்சா!" என்றபோது உள்ளாடையின் பின் மடிப்பு காற்றில் அடித்துக்கொண்டது. அவர் கையால் அதைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காதீங்க!" என்று கத்தினார். "சிரிக்காதீங்க, இது நெசம்!"

அன்றைக்கு எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு அதற்குத்தான். வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. "எங்க ஆர்லோவுக்கு இன்னொரு தடவ பலமா!" என்றாள் லோர்னா மைக்கில். அவள் குரல் மட்டும் லேசாக இடறியது. ஆனால் மைக்கை அவள் கீழே வைக்கவில்லை.

குதிரைகளைக் கட்டும் இடத்தில் டிராவிஸ் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். "கலக்கிட்டீங்க மாமா! ஒரு வார்த்தகூட எங்கிட்ட சொல்லலியே! எப்ப உக்காந்து யோசிச்சீங்க?"

"அது நடிப்பு இல்லடா."

"பின்ன?"

அந்தப் 'பின்ன'வில் களங்கமே இல்லை. ஆர்லோவுக்கு அவனை அடிக்கவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலத்துக்கு முன்பே பன் எல்லாம் தீர்ந்துவிட்டன. நெட்டி கடைக் கதவைச் சாத்திவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேன்" என்றாள், அவர் கேட்காமலேயே. "வாசல்ல நின்னு கடைசி வரைக்கும் கேட்டேன்."

"நீயாவது சிரிக்கலியே. அது போதும்."

நெட்டி துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். தண்ணீரே வராத துணி.

"நெட்டி?"

"பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன் ஆர்லோ. நீ அந்த மடிப்பப் பிடிச்சிக்கிட்டுக் கத்தினியே, அப்ப… முடியல. சத்தியமா முடியல." சொல்லும்போதே அவள் உதட்டோரம் துடித்தது. உடனே அழுதாள். ஆர்லோ அவள் தோளைத் தொட்டார். தொட்டதைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சிலையைப் பற்றி மாவட்டச் சபையில் முறையிட்டார். அவர் பேசி முடிக்கும்வரை உறுப்பினர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். தலைவர் நன்றி சொன்னார். அடுத்து வாகன நிறுத்தத்துக்குக் கோடு போடுகிற விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். பனிக்காலத்திலும் கார்கள் வந்தன. யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. 'சிரிக்காதீங்க' என்று எழுதிய சட்டைகள் பழைய சிறைச்சாலையின் கடையில் தொங்கின.

கோதுமை பச்சை பிடிக்கும் சமயத்தில் லோர்னா அவர் வீட்டுக்கே வந்தாள். அடுத்த திருவிழாவுக்கான நாடகத்தைத் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தாள். ஆர்லோவின் பேச்சு முழுசாக அதில் இருந்தது. தாடை இருந்தது, கால் இருந்தது, ஹெஸ்டர் இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிரேடிக்கு ஒரு நக்கல்.

"நீ கேட்டதத்தான் செஞ்சிருக்கேன்" என்றாள். "உண்மைய எல்லாம் உள்ள வெச்சாச்சு. ஒண்ணுகூட விடல."

"சிரிப்புக்கு வெச்சிருக்க."

"சிரிச்சாத்தான் கேப்பாங்க ஆர்லோ. போன வருசம் வரைக்கும் அந்தப் பேர் எவனுக்காவது தெரியுமா? இப்ப சின்னப் பசங்ககூட ஐசயா விட்கம்னு சொல்லுது."

"நான் செய்ய மாட்டேன். என் பேச்ச யாருக்கும் குடுக்கவும் மாட்டேன்."

"பேச்சுக்கு யாருப்பா பட்டா வாங்கி வெச்சிருக்கா?"

ஆர்லோ எழுந்து நின்றார். "அன்னிக்குப் பதிவேட்டத் தூக்கிட்டுப் போனீங்க. இன்னிக்கு இதையும் தூக்கிட்டுப் போறீங்க."

லோர்னாவின் கண்கள் சட்டென்று விரிந்தன. பைக்குள் பேனாவைத் தேடினாள். "நல்லாருக்கே இது" என்றாள் தனக்குள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். கை பைக்குள்ளேயே நின்றது. அவள் தாள்களை எடுத்துக்கொண்டு, நெட்டியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த வாரம் டேனா வந்தாள். அடுப்படியிலேயே நின்றுகொண்டாள், உட்காரவில்லை.

"அப்பா, குமாஸ்தா வேஷம் டிராவிஸ் கட்டறாரு. கிரேடிக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க."

"அவன் விட்கம் இல்ல."

"நீங்க மாட்டேன்னுட்டீங்க. யாரோ ஒருத்தர் செய்யத்தானே போறாங்க? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னுதான்."

"எது வீட்டுக்குள்ள இருக்கட்டும்? அசிங்கமா?"

"அசிங்கம்னு நீங்கதான் சொல்றீங்க. நீங்க இத்தன வருசம் செஞ்சப்ப, பள்ளிக்கூடத்துல என்னைக் குமாஸ்தா பொண்ணுன்னு கேலி பண்ணாங்களே, அப்ப வலிக்கலியா உங்களுக்கு? ஒரு தடவையாவது எங்கிட்டக் கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. டேனா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

திருவிழா நாளன்று ஆர்லோ லாரியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். கோடையில் விலை இறங்கும் என்று பண்ணைக்காரர்கள் காஸ் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். ஃபோர்க்ஸ் இருந்த நிலம் இப்போது ஷ்ரோடர் குடும்பத்துடையது. கணவன் போனபின் ஹில்டா ஷ்ரோடர் ஒற்றையாக அங்கே இருந்தாள். ஆர்லோ குழாயைத் தொட்டியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ இங்க என்ன பண்ற? இன்னிக்கு ரெய்டு இல்ல?"

"நான் போறதில்ல."

"அட, போன வருசம் என் தங்கச்சி மக கூட்டிட்டுப் போனா. வயிறு வலிக்கச் சிரிச்சேன் போ. அவரு போனதுக்கப்புறம் நான் சிரிச்சதே அன்னிக்குத்தான்."

ஆர்லோ மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயலுக்கு நடுவே தெரிந்த கம்பிவேலியைக் காட்டினார். "அங்க படுத்திருக்காரு. நான் சொன்னதெல்லாம் நெசம்."

"எது நெசம்?"

"கதவுக்குக் குறுக்க நின்னது. தாடை. காலு. அவரு சம்சாரம் துணி தொவச்சது. எல்லாம்."

ஹில்டா வேலிப் பக்கம் பார்த்தாள். காற்றில் முற்றிய கதிர்கள் சரசரத்தன. தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டாள். அந்த நிலத்தை உழும்போதெல்லாம் அவள் கணவன் அந்தக் கல்லறைகளைச் சுற்றித்தான் டிராக்டரைத் திருப்பியிருக்கிறான். யாருடையவை என்று இருவரும் கேட்டதில்லை.

"ஐயோ பாவமே" என்றாள். நிஜமாகவே சொன்னாள். "காலயா எடுத்தாங்க?"

"ரெண்டு காலும்."

"அட கடவுளே. பாவம் அந்தம்மா." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிக்கோ ஆர்லோ. நெசமா மன்னிச்சிக்கோ. நீ அப்படிப் பின்னாடி பிடிச்சிக்கிட்டு நின்னது கண்ணுக்குள்ளயே நிக்குது. என்னால…"

"பரவால்ல."

"கோவமா?"

"இல்ல ஹில்டா."

அவர் வால்வை மூடி, குழாயைச் சுருட்டி லாரியில் ஏற்றினார். ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரிப் படியருகே வந்து நின்றாள். அவளுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். அவரை அப்படியே அனுப்ப மனமில்லாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"உன் மாப்பிள்ளைதான் இப்ப செய்றானாமே. உன் அளவுக்கு வருமா அவனுக்கு?"

ஆர்லோ லாரியில் ஏறி, பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஒத்திகைல என்னவிட நல்லாவே செய்றானாம்" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினார்.